லேனர்ஸ் காருக்கு ரேஸ் ஸ்பிரிங்

காருக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவனுக்கு ஆட்களின் முகத்தைவிடச் செருப்பும் குரலும்தான் கூடப் பழக்கம். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். எஞ்சின் வேலை எடுப்பதில்லை. ஷொக், ஸ்பிரிங், லோவர் ஆம், ஸ்டியரிங் என்று சில்லுக்கும் காரின் உடம்புக்கும் இடையில் இருக்கிற எல்லாம் என் பொறுப்பு. கடல் காற்று எனக்குச் சம்பளம் வாங்காத பங்காளி. அது துருப்பிடிக்க வைக்கும், நான் கழற்றிப் பூட்டுவேன்.

கடையோ, சலூனோ, தையல் மெஷினோ வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவையானது இன்னொன்று, நாங்கள் கடைசியில் செய்து கொடுப்பது வேறொன்று. வதனி மிஸ்ஸின் வெள்ளைக் காரில் இந்த மூன்றும் எனக்கு ஒன்றாக வாய்த்தது.

முதலைக் கழுத்து

வதனி மிஸ் சல்லிக் கிராமத்தில் இருக்கிறார். பெண்களுக்குக் கார் பழக்குகிற லேனர்ஸ் நடத்துகிறார். அவருடைய கார் ஒரு பழைய ஜப்பான் ஹட்ச்பேக். அவரிடம் பழக வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரைவிட அதற்கு வயது கூட. கூரையில் எல் போர்ட், மிஸ் இருக்கிற இடது பக்க ஆசனத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஒரு காலை நேரம் அவருடைய செருப்பு நான் படுத்திருந்த காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ரவி அண்ணை, நிக்கிறீங்களோ?"

"இல்லை மிஸ், படுத்திருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். சீனன்குடாவுக்கு அங்கால் ஒரு கிரவல் தரையில் ஓட்டோகுரோஸ் நடக்கப்போகிறது, பெண்கள் பிரிவில் பேர் கொடுத்துவிட்டேன் என்றார். தரையில் கோன்களை வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார் என்று பார்க்கிற போட்டி அது. முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். "போன முறை பாக்கப் போனனான் அண்ணை. ஓடின பிள்ளையள் வளைவுக்கு உள்ளை போய்த்தான் பிரேக்கை மிதிக்குதுகள். என்னாலை பாத்துக்கொண்டு இருக்க ஏலேல்லை" என்றார். பழக்குகிறவருக்கு அது ஒரு வருத்தம்தான்.

எஞ்சினுக்கு ஏதாவது செய்விக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். கையை அசைத்து மறுத்துவிட்டார். கிழமை முழுக்க அந்தக் காரில்தான் அவருடைய சோறு. போட்டி முடிந்த பிறகும் அது எல் போர்டோடு ஓட வேண்டும். "எஞ்சினைத் தொட வேண்டாம் அண்ணை. வளைவிலைதான் இது முதலை மாதிரி. உடம்பு எல்லாம் திரும்பி முடிஞ்சாப் பிறகுதான் கழுத்துத் திரும்புது. அதை மட்டும் பாருங்கோ."

முதலில் றப்பர்

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மனதுக்குள் ஒரு படத்தோடு வருவார்கள். அதில் சிவப்பு ஸ்பிரிங் இருக்கும், மஞ்சள் ஷொக் இருக்கும். நான் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, லோவர் ஆம் பூஷ் எல்லாம் போய்விட்டது, அதை மாற்றுவோம் என்று சொன்னதும் மிஸ்ஸின் முகம் விழுந்துவிட்டது. பூஷ் என்பது ஒரு றப்பர்த் துண்டு. கம்பி ஒன்றை உள்ளே விட்டு அசைத்துக் காட்டினேன். வயதான பல்லைப் போல ஆடியது. சில்லு ஒரு பக்கம் பார்க்க, கார் இன்னொரு பக்கம் போவதற்கு அதுதான் காரணம். ஆனால் மாற்றி முடிந்ததும் வெளியில் ஒன்றுமே தெரியாது. கறுத்த றப்பர் இருந்த இடத்தில் இன்னொரு கறுத்த றப்பர் இருக்கும்.

என் பக்கத்துக் கடை பாறூக் நானாவுடையது. கிண்ணியா ஆள். கடைசல் மெஷினும் வெல்டிங் பிளாண்டும் வைத்திருக்கிறார். பூஷ் அமுக்குகிற பிரஸ் அவரிடம்தான் இருக்கிறது. மிஸ் போனில் கொண்டுவந்திருந்த சிவப்பு ஸ்பிரிங் படத்தை அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு பழைய பூஷை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார். "புதுச் சப்பாத்து வாங்குறது நல்லம்தான் மிஸ். அதுக்கு முந்திக் காலில இருக்கிற முள்ளை எடுத்துப்போடுவம்."

வெட்டச் சொன்ன தம்பி

மிஸ்ஸின் தம்பி கோபி புல்மோட்டையில் மணல் எடுக்கிற இடத்தில் வேலை செய்கிறான். லீவில் வந்தவன், அக்காவின் கார் கராஜில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, கையில் போனோடு வந்து சேர்ந்தான். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டிவிட்டால் கார் பதிந்துவிடும், பதிந்த கார் வளைவில் சாயாது, கிரைண்டர் இருந்தால் கொஞ்ச நேர வேலை என்றான். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பார்கள்! நான் மாட்டேன் என்றேன். கிரைண்டரைத் தந்தால் தானே வெட்டுவதாகச் சொன்னான்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று பின் சில்லைக் கழற்றி, அச்சுக்குக் கீழே இருந்த ஜக்கை இறக்கி, அச்சைத் தொங்கவிட்டேன். இப்போது இருக்கிற ஸ்பிரிங்கே அதைத் தாங்குகிற கிண்ணத்துக்குள் மட்டுமட்டாகத்தான் நின்றது. ஒன்றரைச் சுற்று இல்லையென்றால் பள்ளமான கிடங்கில் சில்லு இறங்கித் தொங்குகிற நேரம் அது கழன்று றோட்டில் கிடக்கும். உள்ளே அக்கா இருப்பார், பக்கத்தில் பழகுகிற பிள்ளை இருக்கும். கோபி குந்தியிருந்து கனநேரம் பார்த்தான். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "அப்ப இந்த வீடியோவிலை வெட்டிப்போட்டு ஓடுறாங்களே, அவங்கள் என்ன செய்யிறாங்கள்?" என்று கேட்டான். பாறூக் நானா கிரைண்டரை வயரோடு சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டே சொன்னார். "கழன்டு போற இடம் வர முந்தி வீடியோவை நிப்பாட்டிடுவாங்க தம்பி."

சாம்பல்தீவுச் சுகந்தி

ஷொக் விஷயத்தில் மிஸ்ஸும் நானும் சேர்ந்துதான் ஏமாந்தோம். கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருந்து இறுக்கமான ஸ்போர்ட் ஷொக் ஒரு சோடி வந்தது. மிஸ்ஸுக்கு ஆசை. எனக்கும் போட்டுப் பார்க்க ஆசை. தார் றோட்டில் கார் பலகை மாதிரி நின்றது, சாய்வே இல்லை. இரண்டு பேருக்கும் சந்தோஷம், புளுகம். பிறகு ஒரு கிரவல் வெளிக்குக் கொண்டுபோனோம். சின்னச் சின்னக் கிடங்கில் எல்லாம் சில்லு தரையை விட்டுவிட்டுத் துள்ளியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் நேரே போனது. தரையைத் தொடாத சில்லு எப்படித் திருப்பும்?

அதற்குள் கிழமை நாட்களில் பழகுகிறவர்களின் முறைப்பாடு தொடங்கிவிட்டது. அவர்களில் சுகந்தி என்று சாம்பல்தீவுப் பெண். புருஷனுடைய கால் வள்ளம் இழுக்கும்போது அகப்பட்டு முறிந்து, அவர் வீட்டில் இருந்தார். மீன் ஏற்றுகிற அவர்களுடைய சின்ன லொறி முற்றத்தில் சும்மா நின்றது. வேறு ஆளை வைத்து ஓடினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் தானே ஓடுவதென்று பழக வந்தவர், இரண்டு தரம் லைசன்ஸ் சோதனையில் பெயில் விட்டு, மூன்றாம் தரத்துக்கு நாள் எடுத்திருந்தார். வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷி. மிஸ் வகுப்பை முடித்து நேரே என்னிடம் வந்தபோது அவரும் கூட இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணை, றோட்டிலை ஒரு குத்திக்காசு கிடந்தா, அது தலையா பூவா எண்டு சீற்றிலை இருந்தே சொல்லலாம்."

மூதூர்க் கோழிகள்

இறுக்கமான ஷொக்கைக் கழற்றி வைத்தோம். முன்னுக்கு, கொம்பனி உயரத்துக்கே, புதிய சாதாரண ஷொக். பின்னுக்குக் கொஞ்சம் தடித்த ஸ்பிரிங். முன் சில்லு இழுக்கிற கார். பின்பக்கம் கொஞ்சம் இறுகினால் வால் சுற்றி வரும், தலை தானாகத் திரும்பும். இன்னும் ஒரு சாமான் வேண்டியிருந்தது. இதே காரின் விலை கூடின வகையில் பின் அச்சோடு சேர்ந்து ஒரு குறுக்குக் கம்பி வரும், சாய்வைக் குறைக்க. மிஸ்ஸின் காரில் அது இல்லை. புதிதாகக் கிடைக்காது. மூதூரில் ஒரு வளவில் அந்த வகைக் கார் ஒன்று கனகாலமாகக் கிடக்கிறது என்று பாறூக் நானா சொன்னார். இரண்டு பேரும் பாலம் தாண்டிப் போனோம்.

கார் கிடந்தது உண்மை. கதவு இல்லை, ஆசனம் இல்லை. உள்ளே வைக்கோல் போட்டு அடைக்கோழிகள் இருந்தன. வீட்டுக்காரர் ஒரு நெல் வியாபாரி, பகல் சாப்பாடு முடித்துக் கதிரையில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம். காரை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை பார்த்தார். துருப்பிடித்த நட்டுகளை அடியில் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சுத்தியல் பாவிக்காமல் கழற்றியது என் தொழிலில் அதுதான் முதல் தரம். ஏனென்றால் அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "கம்பியைக் கழட்டிக்கிட்டுப் போங்க. கோழியை மட்டும் எழுப்பிடாதீங்க."

கட்டாரில் இருந்து

மிஸ்ஸின் கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவருக்கு மனைவி எல்லாவற்றையும் சொல்லித்தான் இருந்தார். இருந்தாலும் ஒரு நாள் கராஜில் நிற்கும்போது போனில் வீடியோ கோல் எடுத்து, காரைக் காட்டச் சொன்னார். நான் போனை வாங்கிக்கொண்டு அடியில் போய், பூஷ், ஷொக், ஸ்பிரிங், கம்பி என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துக் காட்டினேன். தொழில் தெரிந்த மனுஷன், நல்ல கேள்விகள் கேட்டார். கம்பியைப் பிடிக்கிற பிறாக்கெட்டுக்கு இரட்டை நட்டுப் போடச் சொன்னார். அது சரியான யோசனை, போட்டேன்.

முடிவில் நான், பயப்படாதேங்கோ, கார் இப்ப முந்தியைவிட நல்லா நிலத்தைப் பிடிக்கும், கவிழாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இடைமறித்தார். வெளிநாட்டில் இருந்து வீட்டைப் பார்க்கிறவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "கவிழாது எண்டு சொல்ல வேண்டாம் அண்ணை. கவிண்டா கதவு திறக்குமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

இடது பக்கம் ஆர்?

போட்டி நாளில் கார்களைச் சோதிக்கிறவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். பெல்ட், ஹெல்மட், பற்றரி, சில்லு நட்டு எல்லாம் சரி. இடது பக்கப் பெடல்களைக் கண்டதும் குனிந்தவர் நிமிரவில்லை. இந்தப் பக்கம் ஆர் ஓடுறது என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை. அங்கை இருக்கிறது நான்தான்" என்றார் மிஸ். அதிகாரிக்கு விளங்கவில்லை. லேனர்ஸ் கார் என்று நான் விளங்கப்படுத்தினேன். சரி, ஆனால் இதைக் கழற்றாமல் ஓட விட ஏலாது என்றார். நானும் அங்கேயே படுத்துக் கழற்றினேன்.

ஆளுக்கு மூன்று ஓட்டம், ஆகக் குறைந்த நேரம்தான் கணக்கு. முதல் ஓட்டத்தில் மிஸ் கோன் ஒன்றையும் தொடவில்லை. வளைவுக்கு முன்னரே பிரேக், பிறகு ஸ்டியரிங், பிறகு மெல்ல அக்சிலேட்டர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே ஒழுங்கில். பின்பக்கம் அளவாகச் சுற்றி வந்தது. கிடங்குகளில் முன் சில்லு இறங்கி ஏறியதே தவிரத் துள்ளவில்லை. புழுதியோடு வந்து நின்றபோது பெண்கள் பிரிவில் அவர் இரண்டாம் இடம். நேரத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ஹெல்மட்டைக் கழற்றாமலே, காலியாக இருந்த இடது பக்க ஆசனத்தைத் தட்டிக் காட்டிச் சொன்னார். "அண்ணை, பக்கத்திலை ஒருத்தரும் இல்லாமல் நான் கார் ஓடி எவ்வளவு காலம்!"

வெடிப்பு

இரண்டாம் ஓட்டத்தில் நேரம் இன்னும் குறைந்தது. முதலாம் இடத்துக்கும் அவருக்கும் கண் இமைக்கிற வித்தியாசம்தான். ஆனால் கார் திரும்பி வரும்போது முன் இடது பக்கம் ஒரு சின்ன "டொக்". சனத்தின் சத்தத்தில் வேறு ஆருக்கும் கேட்டிராது. காருக்கு அடியில் போய்ப் பார்த்தேன். பழுதானது நாங்கள் மாற்றிய சாமான் ஒன்றும் இல்லை. லோவர் ஆமைப் பிடித்திருக்கிற, காரோடு பிறந்த தகட்டில், மயிர் அளவு வெடிப்பு. உப்புக் காற்றுக் குடித்த தகடு. இதோடு நிறுத்தினால் பாறூக் நானா நாளைக்கு வெல்ட் பண்ணித் தகடு வைத்துத் தருவார். இன்னும் ஒரு ஓட்டம் ஓடி அது கிழிந்தால் சில்லு பின்னுக்கு மடியும். ஆளுக்கு என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். கார் கிழமைக் கணக்கில் எழும்பாது என்பது நிச்சயம். வருகிற செவ்வாய்க்கிழமை சுகந்தியின் சோதனை, இந்தக் காரில்தான்.

நான் உள்ளதைச் சொன்னேன். கோபிக்கு அழுகை வராத குறை. மெதுவா ஓடினா என்ன, அந்த ஒரு கிடங்கை மட்டும் விலத்தினா என்ன என்று கேட்டுக்கொண்டே நின்றான். மிஸ் குனிந்து தானே விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். இந்தக் காருக்காக நான் பட்ட பாட்டுக்கு அந்த மூன்றாவது ஓட்டத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஓடப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான்தான் அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதை நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது.

பார்க்க வந்திருந்த சுகந்தி கயிற்றுக்குக் கீழால் நுழைந்து வந்துவிட்டார். விஷயத்தை எப்படியோ பிடித்துவிட்டார். "மிஸ், நீங்கள் என்னைப் பாக்காதேங்கோ. நீங்கள் ஓடுங்கோ. சோதனைக்கு வேறை கார் கிடைச்சாலும் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை போனாப் போகட்டும். எனக்குப் பெயில் விட்டுப் பழக்கம்" என்றார். மிஸ் ஹெல்மட்டைக் கழற்றிக் கூரையில் வைத்தார். கைலேஞ்சியால் விரலைத் துடைத்தார். "எனக்குப் பழக்கமில்லை, சுகந்தி."

கொஞ்சம் மெதுவா

மிஸ் ஓடாத மூன்றாவது ஓட்டத்தில் இன்னொரு பிள்ளை முந்திவிட்டது. மிஸ்ஸுக்கு மூன்றாம் இடம், ஒரு சின்னக் கோப்பை. காரை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அடுத்த நாள் பாறூக் நானா தகட்டை வெல்ட் பண்ணி, பக்கத்தில் இன்னொரு தகடும் வைத்துக் கட்டினார். நான் இடது பக்கப் பெடல்களைத் திருப்பிப் பூட்டி, சில்லு நேர் பார்த்துக் கொடுத்தேன். மிஸ் எல் போர்டைக் கட்டினார்.

செவ்வாய்க்கிழமை சோதனை நடக்கிற இடத்தில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெல்டிங்கைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு போய் நின்றேன். பாறூக் நானாவும் அதையே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். சோதனை எடுக்கிற அதிகாரி பக்கத்தில் ஏற, சுகந்தி காரை எடுத்தார். சந்தியில் இரண்டு மான்கள் நடு றோட்டில் நின்றன. பெட்டைமான் அசையவில்லை. மிஸ்ஸோடு சேர்த்து நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்தில் இருந்தே பிரேக்கை மிதித்தோம். சுகந்தி அமைதியாக நிறுத்தி, கியரை மாற்றி, மான் போன பிறகு எடுத்தார். சுற்றி வந்து இறங்கியபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாஸ். சுகந்தி மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி பேனையை மூடிக்கொண்டு, போகிற போக்கில் மிஸ்ஸிடம் சொன்னார். "உங்கடை ஆள் வளைவெல்லாம் நல்லா எடுக்கிறா. ஆனாக் கொஞ்சம் மெதுவாப் பழக்குங்கோ."

ஒரு பக்கம்

கொஞ்ச நாள் கழித்து, காலையில் ஒரு காருக்கு அடியில் இருந்தபோது வெளியே ஒரு டீசல் எஞ்சின் சத்தமும், அதற்கு முன்னரே மீன் வாசமும் வந்தது. றப்பர்ச் செருப்பு, நனைந்த பாதம். சுகந்தி. லொறியில் புருஷனும் இருந்தார், கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு. லொறி சந்தைக்குப் போகிற வழி. எனக்கென்று ஒரு சின்னப் பாரை மீனை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஓட்டம் எப்படி என்று புருஷனிடம் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே மீன் பெட்டிகள் எல்லாம் வலது பக்கச் சுவரோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஐஸ் இடது பக்கம் தனியாகக் கிடந்தது.

"என்ரை ஓட்டத்திலை பிழை இல்லை அண்ணை, மிஸ் சொல்லித் தந்த மாதிரித்தான் எடுக்கிறன். இதின்ரை பின்பக்கத்தைத்தான் கொஞ்சம் இறுக்கி விடுங்கோ. ஒவ்வொரு வளைவுக்கும் மீன் எல்லாம் எனக்கு முந்தித் திரும்புது."

பழைய வண்டிக்கு எந்த ஷொக், எந்த ஸ்பிரிங் நல்லது என்று யாராவது வந்து கேட்டால், அதில் யார் யார் ஏறுவார்கள் என்று, மீன் உட்பட, விசாரித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் நான் ஜக்கையே தொடுகிறேன்.